கார்டு பாக்கெட்ல இருக்கு சரி, பேர் லிஸ்ட்ல இருக்கா? ஓட்டு போடப் போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 ஏப்ரல் 19, லோக்சபா எலக்‌ஷன். எங்க தெரு பக்கத்து ஸ்கூல்ல காலைல ஏழேகாலுக்கே க்யூ. எனக்கு முன்னாடி எங்க சித்தப்பா, சட்டை பாக்கெட்ல இருந்து வோட்டர் ஐடியை எடுத்து நீட்டினாரு, 98ல வாங்கினது, ரெண்டு தடவ லேமினேட் பண்ணி பிஸ்கட் மாதிரி கெட்டியா இருக்கும். உள்ள உக்காந்திருந்த அம்மா பட்டியலை மேல இருந்து கீழ வரைக்கும் விரலால தடவிப் பாத்துட்டு "உங்க பேர் இந்த பூத்ல இல்லையே சார்"ன்னாங்க. சித்தப்பாவுக்கு கோவம் வந்துடுச்சு, கார்டு இருக்கு, முகம் இருக்கு, அப்புறம் எதுக்கு பேருன்னு ஒரே சத்தம். விஷயம் என்னன்னா அவர் மூணு வருஷம் முன்னாடி வீடு மாத்தினாரு, பழைய ஏரியாவுல சரிபார்க்க வந்தவங்க "ஆள் இங்க இல்ல"ன்னு எழுதி பேரை எடுத்துட்டாங்க, புது ஏரியாவுல இவர் சேக்கவே இல்ல. ஓட்டு போடாமத்தான் திரும்பி வந்தாரு.

அன்னிக்கே இதை எழுதணும்னு நெனச்சேன், இப்பதான் கை வந்துச்சு. ஓட்டுரிமைங்கறது பட்டியல்ல இருக்கு, வோட்டர் ஐடி வந்து "பட்டியல்ல இருக்கற அந்த ஆள் நான்தான்"னு சொல்றதுக்கான அடையாளம், அவ்ளோதான். பேர் இருந்து கார்டு தொலைஞ்சு போனாலும் ஓட்டு போடலாம், கார்டு பளபளன்னு இருந்து பேர் இல்லைன்னா போட முடியாது. 1951ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 62வது பிரிவு இதைத்தான் சொல்லுது. பாதி பேருக்கு இது தலைகீழாத்தான் மண்டைல பதிஞ்சிருக்கு.

அதனால முதல் வேலை பேர் இருக்கான்னு பாக்கறது, எலக்‌ஷன் தேதி அறிவிக்கறதுக்கு முன்னாடியே. தேர்தல் கமிஷனோட வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் ஜிஓவி டாட் இன் சைட்ல தேடற வசதி இருக்கு, கார்டு நம்பர் போட்டும் தேடலாம், பேர் அப்பா பேர் வயசு போட்டும் தேடலாம், மொபைல் நம்பர் பதிஞ்சிருந்தா அதை வெச்சும் தேடலாம். இப்ப இருக்கற நம்பர் மூணு எழுத்து ஏழு எண்ணு. பழைய கார்டுல கோடு கோடா நீளமா ஒரு நம்பர் இருக்கும், அதுக்கு ஒண்ணும் வரலைன்னா பயந்துடாதீங்க, பேர் போட்டுத் தேடுங்க. ஸ்பெல்லிங் மட்டும் கொஞ்சம் பொறுமையா மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க, "முருகேசன்"ங்கற பேரை எத்தனை விதமா டைப் அடிக்க முடியுமோ அத்தனை விதமாவும் நம்ம ஊர்ல அடிச்சிருக்காங்க. கிடைச்சதும் தொகுதி, பாகம் எண், வரிசை எண், பூத் எங்கன்னு வரும், அதை ஒரு துண்டு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வெச்சுக்கோங்க. நெட்டெல்லாம் வராதுங்கறவங்க 1950க்கு போன் பண்ணலாம், இல்ல உங்க பாகத்துக்குன்னு இருக்கற பிஎல்ஓவை, அதாவது பட்டியலைப் பாத்துக்கற பூத் லெவல் ஆபீசரைக் கேக்கலாம், பெரும்பாலும் உங்க ஏரியா அங்கன்வாடி டீச்சராவோ ஸ்கூல் டீச்சராவோதான் இருப்பாங்க.

போன தடவ ஓட்டு போட்டேனே, பேர் எங்க போயிடப் போகுதுன்னு அசால்ட்டா இருக்காதீங்க. 2025 நவம்பர் 4ல இருந்து தமிழ்நாட்டுல சிறப்பு தீவிர திருத்தம்னு ஒண்ணு நடந்துச்சு, அதான் எல்லாரும் எஸ்ஐஆர்னு பேசினோமே, வீடு வீடா ஃபார்ம் குடுத்து வாங்கினாங்க, முன்னாடி இதே மாதிரி திருத்தம் நடந்தப்ப வந்த 2002, 2005 பட்டியல்ல உங்க பேரோ அப்பா அம்மா பேரோ இருக்கான்னு ஜனங்க ராத்திரி பூரா உக்காந்து தேடினாங்க. டிசம்பர் 19ல வந்த வரைவுப் பட்டியல்ல மொத்தம் 97 லட்சத்துக்கு மேல பேர் கொறைஞ்சிருந்துச்சு. அதுல செத்தவங்க, ஊர் மாறினவங்க, ரெண்டு இடத்துல இருந்தவங்க எல்லாம் உண்டு, ஆனா வீடு பூட்டியிருந்ததால விட்டுப் போன சாதாரண ஜனங்களும் உண்டு. அதனால "நான் எப்பவும் போடறவன்"ங்கற நம்பிக்கை இனிமே செல்லாது, ஒரு தடவ பாத்துடுங்க.

பேர் இல்லைன்னா ஃபார்ம் 6. புதுசா 18 ஆகறவங்களுக்கும் அதேதான். முன்னாடியெல்லாம் ஜனவரி 1 மட்டும்தான் கணக்கு, ஜனவரி 2ல பொறந்தவன் ஒரு வருஷம் காத்திருக்கணும். 2022 ஆகஸ்ட்ல இருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் நாலு மாசத்தோட முதல் தேதியும் கணக்கு, 17 முடிஞ்சவங்க முன்கூட்டியே போட்டும் வைக்கலாம். வயசுக்கு பர்த் சர்டிஃபிகேட், ஆதார், பத்தாவது மார்க்‌ஷீட் மாதிரி ஏதாவது ஒண்ணு. அட்ரஸுக்கு கரண்ட் பில், கேஸ் பில், பேங்க் பாஸ்புக், பாஸ்போர்ட், பதிவு பண்ண வாடகை ஒப்பந்தம் இந்த மாதிரி. வாடகை வீட்டுக்காரங்களுக்கு இதுதான் தலைவலி, ஓனர் அக்ரிமென்ட்டை பதிவு பண்ண மாட்டாரு, கரண்ட் பில் அவர் பேர்ல இருக்கும், அப்ப பாஸ்புக்ல அட்ரஸ் மாத்திட்டு அதைக் குடுக்கறது சுலபம்.

ஹாஸ்டல்ல இருக்கற புள்ளைங்க ஊர்லயே வெச்சுக்கலாம், இல்ல காலேஜ்ல ஒரு சான்று வாங்கி ஹாஸ்டல் அட்ரஸ்ல சேந்துக்கலாம், ஏதாவது ஒண்ணுதான். வீடே இல்லாம பிளாட்பாரத்துல படுக்கறவங்களுக்கும் ஓட்டு உண்டு, எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபார்ம்ல எந்த இடத்துல தூங்கறாங்கன்னு எழுதணும், பிஎல்ஓ ராத்திரில போய்ப் பாக்கணும், ஒரு ராத்திரிக்கு மேல அங்கயே இருக்காங்கன்னு தெரிஞ்சா அட்ரஸ் புரூஃப் கேக்கக் கூடாது. உங்க கடை வாசல்ல படுக்கற தாத்தாவுக்கு இதைச் சொல்லுங்க.

வீடு மாத்தினவங்களுக்கு, பேர்ல தப்பு இருக்கறவங்களுக்கு, கார்டு தொலைஞ்சவங்களுக்கு எல்லாத்துக்கும் இப்ப ஃபார்ம் 8தான். எங்க சித்தப்பா வீடு மாத்தின வாரமே இதை ஒண்ணு போட்டிருந்தா அன்னிக்கு அந்த சத்தத்துக்கு வேலையே இருந்திருக்காது. யாரையாவது நீக்கணும்னாலோ ஆட்சேபனைன்னாலோ ஃபார்ம் 7. உங்க பேரை இன்னொருத்தர் ஃபார்ம் 7 போட்டு எடுக்கப் பாத்தா உங்களுக்கு நோட்டீஸ் குடுத்து கேட்டுட்டுத்தான் முடிவெடுக்கணும், முடிவு தப்புன்னா 15 நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட அப்பீல், அங்கயும் ஆகலைன்னா 30 நாளுக்குள்ள தலைமைத் தேர்தல் அதிகாரிகிட்ட. ரெண்டு ஊர்ல பேர் வெச்சுக்கிட்டு "ரெண்டு இடத்துலயும் நமக்கு மரியாதை"ன்னு இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், அது சட்டப்படி கூடாது, ஃபார்ம்ல பொய் உறுதிமொழி குடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. எலக்‌ஷன் நேரத்துல கடைசி நிமிஷத்துல ஓடாதீங்க, வேட்புமனு தாக்கலோட கடைசி நாளுக்கு பத்து நாள் முன்னாடி வரைக்கும் வந்த ஃபார்ம்களைத்தான் அந்த எலக்‌ஷனுக்கு எடுத்துக்கறாங்க. ஃபார்ம் குடுத்தா ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வரும், அதை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

இனிஷியல் பிரச்சனையைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். வடக்க சர்நேம் கேக்கற ஃபார்ம்ல நம்மாளு இனிஷியலை எங்க போடறதுன்னு தெரியாம ஆதார்ல அப்பா பேரை முழுசா எழுதி, பான் கார்டுல பின்னாடி போட்டு, வோட்டர் ஐடில இனிஷியலே இல்லாம விட்டுடுவாரு. கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு இதுல இன்னொரு குழப்பம், ஒண்ணுல அப்பா பேர், ஒண்ணுல வீட்டுக்காரர் பேர். இந்தியாவோட முதல் பொதுத் தேர்தல்ல, 1951-52ல, வடக்க நெறைய பொம்பளைங்க தன் பேரைச் சொல்லாம "இன்னார் பொண்டாட்டி", "இன்னார் அம்மா"ன்னு மட்டும் சொன்னதால கிட்டத்தட்ட 28 லட்சம் பேரை பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, பேர் எவ்ளோ பெரிய விஷயம்னு பாருங்க. நல்ல விஷயம் என்னன்னா பூத்ல இப்ப அவ்ளோ கெடுபிடி கிடையாது, கார்டுல சின்ன எழுத்துப் பிழை, இனிஷியல் வித்தியாசம் இருந்தா, ஆள் யாருன்னு தெளிவாத் தெரிஞ்சா, கண்டுக்கக் கூடாதுன்னு கமிஷனே சொல்லியிருக்கு. வேற தொகுதில வாங்கின பழைய கார்டைக் காட்டினாலும் இந்த பூத் பட்டியல்ல பேர் இருந்தா ஏத்துக்கணும். போட்டோவே அடையாளம் தெரியாத அளவுக்கு இருந்தா மட்டும் வேற ஐடி கேப்பாங்க.

அந்த "வேற ஐடி" என்னன்னு பாப்போம். போட்டோ போட்ட வோட்டர் அட்டை 1993ல, சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையரா இருந்த காலத்துல வந்தது, அது இல்லாதவங்களுக்கு ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் கமிஷன் ஒரு மாத்து லிஸ்ட் விடும், 2024ல அது 12. ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட் இந்த நாலும் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டின பேங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், போட்டோ இருக்கற பென்ஷன் பேப்பர், மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி கார்டு, தொழிலாளர் அமைச்சகத் திட்டத்துல குடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ் ஸ்மார்ட் கார்டு, மக்கள்தொகைப் பதிவேட்டு ஸ்மார்ட் கார்டு, இது கடலோர கிராமங்கள்ல குடுத்தாங்க. கவர்மென்ட், பொதுத்துறை, பப்ளிக் லிமிடெட் கம்பெனில வேலை செய்யறவங்களோட போட்டோ ஐடியும் ஓகே. பன்னெண்டாவது எம்பி, எம்எல்ஏக்களுக்கான கார்டு, அது நம்ம வீட்ல இருக்காது.

கவனிச்சீங்களா, ரேஷன் கார்டு இதுல இல்ல. ஸ்மார்ட் கார்டா மாத்தி குடும்பத் தலைவர் போட்டோ எல்லாம் போட்டிருக்காங்க, எங்கம்மா அதைத்தான் உலகத்துலயே பெரிய ஆவணம்னு பீரோ லாக்கர்ல வெச்சிருக்காங்க, ஆனா பூத்ல செல்லாது. காலேஜ் ஐடி செல்லாது. சின்ன பிரைவேட் கம்பெனி டேக்கும் செல்லாது. எல்லாத்துக்கும் மேல, பூத் ஸ்லிப் ஐடி கிடையாது! முன்னாடி போட்டோ போட்ட ஸ்லிப் வந்துட்டு இருந்தப்ப அதையே காட்டி ஓட்டு போட்டாங்க, 2019ல இருந்து அது நின்னு போச்சு. இப்ப வர்ற ஸ்லிப் உங்க வரிசை நம்பரைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான். கட்சிக்காரங்க குடுக்கற ஸ்லிப்ல சின்னமோ வேட்பாளர் பேரோ இருந்தா அதை உள்ள கொண்டு போகாதீங்க, வெள்ளைப் பேப்பரா இருந்தா பரவால்ல.

போன்ல டிஜிலாக்கர்ல இருக்கே, அதைக் காட்டலாமேன்னு என் தங்கச்சி பையன் கேட்டான். போனை வெச்சுக்கிட்டு பூத்துக்குள்ளயே போக முடியாது, அப்புறம் எதைக் காட்டறது? ஒரிஜினல் கார்டை எடுத்துட்டுப் போங்க. 2021 ஜனவரி 25ல இருந்து இ-எபிக்னு பிடிஎஃப் கார்டு டவுன்லோட் பண்ற வசதி இருக்கு, கார்டு தொலைஞ்சவங்க அதை பிரிண்ட் எடுத்து கைல வெச்சுக்கோங்க. கூடவே ஆதாரையும் ஒண்ணு போட்டுக்கோங்க, வெயிட்டா இருக்காது. ஆதார் பத்தி இன்னொண்ணு, ஆதாரை வோட்டர் ஐடியோட இணைக்கறது உங்க விருப்பம்தான், இணைக்கலைன்னு பேரை எடுக்க முடியாது. பீகார் எஸ்ஐஆர் வழக்குல 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஆதாரையும் அடையாள ஆவணமா வாங்கிக்கச் சொல்லுச்சு, ஆனா அது குடியுரிமைக்கு சாட்சி ஆகாதுன்னும் தெளிவாச் சொல்லிடுச்சு.

வெளிநாட்ல இருக்கற நம்மாளுங்க, துபாய், சிங்கப்பூர், சவூதின்னு, இந்திய பாஸ்போர்ட் வெச்சிருந்தா ஃபார்ம் 6ஏ போட்டு சொந்த ஊர் அட்ரஸ்ல பேர் சேக்கலாம். ஆனா ஓட்டு போட நேர்ல வரணும், ஒரிஜினல் பாஸ்போர்ட் மட்டும்தான் ஐடி, வேற எதுவும் வாங்க மாட்டாங்க. அந்த ஊர் குடியுரிமை வாங்கி ஓசிஐ கார்டு வெச்சிருந்தா ஓட்டு கிடையாது. இலங்கைல இருந்து வந்து முகாம்ல இருக்கறவங்க இந்தியக் குடிமக்களா இல்லைன்னா பட்டியல்ல வர முடியாது, ஆனா 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்தவங்க பிறப்பாலயே இந்தியர். இதை வெச்சு கோர்ட்ல போராடி பாஸ்போர்ட் வாங்கி 2024ல திருச்சி முகாம்ல இருந்து ஒரு அக்கா முதல் முறையா ஓட்டு போட்டாங்க, அந்த நியூஸ் படிச்சப்ப எனக்கு நெஜமாவே தொண்டை அடைச்சுக்கிச்சு, நாமெல்லாம் லீவு விட்டாங்கன்னு ஊட்டிக்கு கிளம்பறோம்.

பூத்துக்குள்ள என்ன நடக்கும்னு முதல் தடவ போறவங்களுக்கு. முதல் ஆபீசர் உங்க ஐடியைப் பாத்து பேரையும் வரிசை எண்ணையும் சத்தமாப் படிப்பாரு, பக்கத்துல உக்காந்திருக்கற கட்சி ஏஜென்ட்டுங்க காதுல விழணும்னுதான் அது. ரெண்டாவது ஆள் இடது கை ஆள்காட்டி விரல்ல மை வெச்சு, 17ஏ ரெஜிஸ்டர்ல கையெழுத்தோ ரேகையோ வாங்கி ஒரு சீட்டு குடுப்பாரு. மூணாவது ஆள் அந்த சீட்டை வாங்கிட்டு மெஷினை உங்களுக்குத் திறந்து விடுவாரு. பட்டன் அழுத்தினதும் சிவப்பு லைட், பீப் சத்தம், பக்கத்து விவிபேட் பெட்டில நீங்க போட்ட சின்னம் ஏழு செகண்ட் தெரியும். உடனே திரும்பிடாதீங்க, அந்த ஏழு செகண்டும் நின்னு பாருங்க. கண்ணு தெரியாதவங்க, கை முடியாதவங்க 18 வயசான ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போகலாம். 85 வயசுக்கு மேல இருக்கறவங்க, 40 சதவீதத்துக்கு மேல ஊனம் இருக்கறவங்க முன்னாடியே ஃபார்ம் 12டி குடுத்தா வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிட்டுப் போவாங்க. முகத்தை மூடின பெண்களை பெண் அலுவலர்தான் தனியா வெச்சு சரிபார்க்கணும்.

இப்ப வில்லங்கமான விஷயத்துக்கு வர்றேன். நீங்க போறதுக்குள்ள உங்க ஓட்டை வேற எவனோ போட்டுட்டுப் போயிட்டான். 2018 தீபாவளிக்கு வந்த ஒரு படத்துக்கப்புறம் 49பின்னா சின்னப் பசங்களுக்கும் தெரியும். விதி 49பி (இங்கிலீஷ் P) படி, பூத்துக்குத் தலைவரா இருக்கற பிரிசைடிங் ஆபீசர் உங்களை ரெண்டு மூணு கேள்வி கேட்டு, நீங்கதான் அந்த ஆள்னு திருப்தியானா, மெஷின்ல விட மாட்டாங்க, பேப்பர் ஓட்டுச் சீட்டு குடுப்பாங்க, முத்திரை குத்தி கவர்ல போட்டு வெச்சுடுவாங்க. இதான் டெண்டர் ஓட்டு. படத்துல வராத விஷயம், இந்த ஓட்டை சாதாரண எண்ணிக்கைல எண்ண மாட்டாங்க, எலக்‌ஷன் கேஸ் நடந்து கோர்ட் சொன்னாத்தான் பிரிப்பாங்க. அப்ப எதுக்கு போடணும்னு கேக்கறீங்களா, 2016ல ராதாபுரத்துல வித்தியாசம் 49 ஓட்டு, 2021ல தி.நகர்ல 137, 2008ல ராஜஸ்தான் நாத்துவாராவுல ஒரே ஒரு ஓட்டு. அந்த மாதிரி கேஸ்ல உங்க கவருக்கு மதிப்பு வரும், கள்ள ஓட்டு நடந்துச்சுங்கறதுக்கு பதிவும் ஆகும். கேட்டு வாங்குங்க.

சேலஞ்ச் ஓட்டு வேற. நீங்க நிக்கறப்ப ஒரு ஏஜென்ட் "இவர் அவர் இல்ல"ன்னு சொன்னா, அவர் ரெண்டு ரூபா கட்டணும், ஆமா இன்னமும் ரெண்டு ரூபாதான், பிரிசைடிங் ஆபீசர் ரெண்டு பக்கமும் விசாரிப்பாரு. உங்க ஐடி சரியா இருந்தா நீங்க மெஷின்லயே போடலாம். ஆள்மாறாட்டம்னு உறுதியானா போலீஸ்.

ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் வாட்ஸப்ல ஒரு மெசேஜ் சுத்தும், "லிஸ்ட்ல பேர் இல்லாட்டி ஆதாரைக் காட்டி 49ஏ படி சேலஞ்ச் ஓட்டு கேளுங்க, 14 சதவீதத்துக்கு மேல டெண்டர் ஓட்டு விழுந்தா மறு ஓட்டுப்பதிவு"ன்னு. முழுக்கப் பொய். பேர் இல்லைன்னா எந்த விதியும் உங்களை உள்ள விடாது, 14 சதவீதம்னு ஒரு விதியே கிடையாது. எங்க ஃபேமிலி குரூப்ல இதை ரெண்டு தடவ ஃபார்வர்ட் பண்ணது வேற யாருமில்ல, நம்ம சித்தப்பாவேதான்.

இன்னொரு லிஸ்ட்டும் பூத்ல இருக்கும், ஏஎஸ்டின்னு சொல்வாங்க, ஆள் இல்லாதவங்க, இடம் மாறினவங்க, இறந்தவங்கன்னு பிஎல்ஓ குறிச்சது. உங்க பேர் மெயின் பட்டியல்ல இருந்து இதுலயும் இருந்தா "நீங்க செத்துட்டீங்கன்னு இருக்கே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க, திரும்பிப் போயிடாதீங்க. உங்களுக்கு ஓட்டு உண்டு. ஐடியைக் கொஞ்சம் உத்துப் பாப்பாங்க, கையெழுத்தோட பெருவிரல் ரேகையும் வாங்குவாங்க, உறுதிமொழி ஒண்ணு எழுதித் தரச் சொல்வாங்க, அவ்ளோதான்.

வேலைக்குப் போறவங்களுக்கு அன்னிக்கு சம்பளத்தோட லீவு, சட்டத்துலயே இருக்கு, தினக்கூலிக்கும் உண்டு, குடுக்காத முதலாளிக்கு அபராதம். அப்படியும் லேட் ஆச்சுன்னா, முடியற நேரம் ஆறு மணின்னா அஞ்சு ஐம்பத்தெட்டுக்கு க்யூல நின்னாக் கூடப் போதும். ஆறு மணிக்கு பிரிசைடிங் ஆபீசர் வந்து க்யூவோட கடைசி ஆள்ல இருந்து முன்னாடி வரைக்கும் டோக்கன் குடுத்துட்டு வருவாரு, டோக்கன் வாங்கின அத்தனை பேரும் ஏழரை ஆனாலும் எட்டு ஆனாலும் போட்டுட்டுத்தான் போகணும். கேட்டை மூடிட்டாங்களேன்னு யாராவது சொன்னா டோக்கனைக் காட்டுங்க.